ஒரே கட்டைகள், ஆறு பொழுதுகள்: ‘பாய்மரப் படகுகள்’ யாருடைய படைப்பு?

1926 இல் யோஷிடா ஹிரோஷி என்ற ஜப்பானிய ஓவியர் ஆறு மரக்கட்டை அச்சுப் படங்களை வெளியிட்டார். ஆறிலும் ஒரே காட்சிதான். செட்டோ உள்நாட்டுக் கடல், அலையடங்கிய தண்ணீர், முன்னால் பெரிதாக ஒரு பாய்மரப் படகு, அதற்குப் பின்னால் தள்ளி வேறு படகுகள், பாய்களின் பிம்பம் நீரில் நீளமாக விழுந்து கிடக்கிறது. ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படகு இம்மி நகரவில்லை. மாறியது பொழுது மட்டும்: காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு.

ஆறு படங்களுக்கும் அடிப்படைக் கட்டைகள் ஒன்றே. ஓவியர் ஒரு முறை வரைந்தார், ஒரு முறை செதுக்கினார்கள். ஆனால் கையில் இருப்பது ஆறு படங்கள். அப்படியானால் அந்த வேறுபாடு முழுவதும் அச்சிடும் மேசையில் பிறந்திருக்கிறது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் ஓவியர் இல்லை, அவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த அச்சுக் கைவினைஞர்.

இந்த ஆறு படங்களை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு, மரக்கட்டை அச்சில் ‘இது யார் செய்தது’ என்ற கேள்வியைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோஷிடா பழைய கூட்டு உழைப்பை உடைத்துத் தனிக் கலைஞராக நின்றவர் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் கைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவே இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வேலை மாறும் இடத்தில் யார் நிற்பது என்பதை மட்டும் மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தில் கிடைத்தது ஏராளம். மறைந்து போனதும் உண்டு.

பழைய ஏற்பாடு

ஜப்பானிய வண்ண மரக்கட்டை அச்சு 1765 வாக்கில் முழு உருவம் பெற்றது. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், வசதியான ரசிகர்கள் படநாட்காட்டிகளை அச்சிட்டு ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். அவற்றுக்கு சுஸுகி ஹருநோபு வரைந்த படங்களில்தான் பல வண்ணங்களை ஒரே தாளில் பிசகாமல் பொருத்தும் முறை நிலைபெற்றது. உத்தமாரோ, ஹொகுசாய், ஹிரோஷிகே என்று நாம் அறிந்த ஓவியர் பெயர்கள் எல்லாம் அதற்குப் பிறகு அந்த ஏற்பாட்டுக்குள் நின்று வேலை செய்தவை.

ஏற்பாடு நான்கு பேரால் ஆனது. பதிப்பாளர் முதல் போடுவார்; எது விற்கும் என்று கணித்து ஓவியரிடம் படம் கேட்பார். ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டுப்படம் வரைந்து தருவார். செதுக்குபவர் அதைக் கட்டையில் ஏற்றுவார். அச்சிடுபவர் வண்ணம் பூசித் தாளில் எடுப்பார். கட்டைகள் பதிப்பாளரின் சொத்து. படத்தில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும். செதுக்கியவர் பெயர் எப்போதாவது ஒரு சின்ன முத்திரையாக வரும். அச்சிட்டவர் பெயரைக் காண்பது இன்னும் அரிது.

வேலை கைமாறும் இடங்களில் உரசல் இல்லாமல் இருந்ததில்லை. ஹொகுசாய் இளம் வயதில் செதுக்கும் தொழிலைக் கற்றவர். முதுமையில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், எகாவா தொமெகிச்சி என்ற செதுக்குபவரிடமே வேலையைக் கொடுக்கும்படி கேட்கிறார். மற்றவர்களைப் பற்றி ஒரு புகாரும் உண்டு: நான் வரையாத கீழ் இமையைக் கண்ணுக்கு அடியில் சேர்க்க வேண்டாம், நான் வரைந்த மூக்கை உத்தகாவா என்ற வேறொரு ஓவியக் குழுவின் பாணி மூக்காக மாற்ற வேண்டாம் என்று மூக்கை வரைந்தே காட்டுகிறார். மயிரிழை அளவுள்ள ஒரு கோடு. அது யாருடைய கோடு என்பதில் அந்த மனிதருக்கு அவ்வளவு அக்கறை. கூட்டு உழைப்பு என்று சொல்லும்போது எல்லாரும் இணக்கமாகக் கைகோத்து வேலை செய்தார்கள் என்று கற்பனை செய்துகொள்வது தவறு. ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு பேரம். ஒன்று தொலையும், ஒன்று சேரும்.

1921, 1923, 1925

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகைப்படமும் கல்லச்சும் செய்தித்தாளும் வந்த பிறகு இந்தத் தொழில் சுருங்கிப் போனது. பழைய படங்களின் மறுபதிப்புகள்தான் மிச்சம். டோக்கியோவில் வாட்டனபே ஷோசபுரோ என்ற பதிப்பாளர் 1915 முதல் இதற்கு மாற்று தேடினார். பழைய நால்வர் ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய காலத்து ஓவியர்களை உள்ளே கொண்டுவந்தார். இத்தோ ஷின்சுயி, கவாசே ஹசுயி போன்றவர்கள் இப்படி வந்தவர்களே. இந்தப் போக்குக்கு ஷின் ஹங்கா, அதாவது ‘புதிய அச்சு’, என்று பெயர்.

யோஷிடா அவரிடம் வந்தபோது புதியவர் இல்லை. 1876 இல் பிறந்தவர், மேற்கத்திய முறையில் எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும் பயின்றவர். 1899 இலேயே அமெரிக்கா போய் டெட்ராய்ட்டில் படங்களைக் காட்சிக்கு வைத்து விற்றவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் மரக்கட்டை அச்சுப் பக்கம் திரும்புகிறார். 1920 இல் வாட்டனபேக்கு முதல் படம் வரைந்து தருகிறார். 1921 இல் பாய்மரப் படகுகளை வரைகிறார்: காலைச் சூரியன், நண்பகல், மாலைச் சூரியன் என்று மூன்று படங்கள். ஆக, ஒரே கட்டைகளில் வெவ்வேறு பொழுதுகளை அச்சிடும் யோசனை 1926 இல் புதிதாக முளைத்ததில்லை. அது வாட்டனபேயின் பட்டறையில், பதிப்பாளரின் மேற்பார்வையில் ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டது. இந்த ஆய்வுக்கு இது முக்கியமான செய்தி. தனி ஆளுமையின் கண்டுபிடிப்பு என்று கொண்டாடப்படும் ஒன்றின் வேர் கூட்டுப் பட்டறையில் இருக்கிறது.

1923 செப்டம்பர் 1 அன்று கான்டோ பெருநிலநடுக்கம் வந்தது. தொடர்ந்து மூண்ட தீயில் வாட்டனபேயின் கடை அழிந்தது. கட்டைகள், அச்சுப் பிரதிகள், யோஷிடா அவருக்குச் செய்து தந்த படங்களின் கட்டைகள் எல்லாம் போயின. 1921 ஆம் ஆண்டின் படகுகள் இன்று அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

யோஷிடா அதன் பிறகு படங்களை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனார். அங்கே ஒன்றைக் கவனித்தார். அவருடைய ஓவியங்களைவிட அச்சுப் படங்களுக்கு வரவேற்பு அதிகம். அதோடு, தரம் குறைந்த பழைய மறுபதிப்புகளைக்கூட மக்கள் ஆர்வமாக வாங்கிப் போனார்கள். 1925 இல் நாடு திரும்பியதும் சொந்தப் பட்டறை வைத்தார். செதுக்குபவர்களையும் அச்சிடுபவர்களையும் வேலைக்கு அமர்த்தினார். பதிப்பாளர் என்ற இடம் காலியானது. அந்த நாற்காலியில் ஓவியரே உட்கார்ந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அடுத்த ஆண்டே, தீயில் போன படகுகளைப் பெரிய அளவில், புதிய கட்டைகளில் மறுபடியும் எடுத்தார். இந்த முறை மூன்று ஆறானது.

கட்டையில் நடப்பது

கேள்விக்கு விடை பட்டறையின் உள்ளேதான் இருக்கிறது. அதனால் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஓவியர் தரும் கோட்டுப்படத்தைச் செதுக்குபவர் மலைச் செர்ரி மரக் கட்டையின்மேல் குப்புற ஒட்டுவார். பிறகு தாளின் முதுகைத் தேய்த்து உரித்துக்கொண்டே போவார், கோடுகள் மட்டும் மெல்லிய சவ்வுபோல் மரத்தில் நிற்கும் வரை. பிறகு கத்தி. கோட்டின் இருபுறமும் வெட்டி, நடுவில் கோட்டை மேடாக விட்டு, மிச்ச மரத்தை உளியால் அள்ளி எடுப்பார். கோட்டின் பக்கங்கள் நேர்க்குத்தாக இறங்காமல் அடிப்பக்கம் சற்று அகலமாக இருக்கும்படி சரிவாக வெட்டுவார்கள். இல்லையென்றால் அழுத்தத்தில் மெல்லிய கோடு ஒடிந்துவிடும். முகம், கூந்தல் போன்ற நுணுக்கமான இடங்கள் தலைமைச் செதுக்குபவருக்கு. காலி இடத்தைத் தோண்டுவது இளையவர்களுக்கு.

இந்த வேலை முடியும்போது ஓவியரின் மூலப்படம் என்று ஒன்று உலகத்தில் இருக்காது. கத்தி அதை வெட்டித் தின்றிருக்கும். இனி ஓவியரின் கோடு என்று நாம் சொல்வது செதுக்குபவரின் கத்தி விட்டுவைத்த கோடு.

அடுத்தது வண்ணக் கட்டைகள். கோட்டுக் கட்டையிலிருந்து பல பிரதிகள் எடுத்து ஓவியரிடம் கொடுப்பார்கள். எந்த இடத்தில் எந்த வண்ணம் என்று ஒவ்வொரு பிரதியிலும் ஒரு வண்ணத்துக்கு உரிய பகுதியை அவர் குறித்துத் தருவார். அவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டையில் ஒட்டிச் செதுக்கப்படும். ஒவ்வொரு கட்டையிலும் கெந்தோ என்ற இரண்டு குறிகள் இருக்கும்: மூலையில் தாளின் முனை உட்காரும் ‘ட’ வடிவ வெட்டு ஒன்று, நீள விளிம்பில் நேர்க்கோட்டு வெட்டு ஒன்று. அச்சிடுபவர் தாளை இந்த இரண்டிலும் பொருத்தித்தான் கட்டையின்மேல் விடுவார். முப்பது முறை அச்சிட்டாலும் வண்ணம் கோட்டைத் தாண்டாமல் நிற்பது இந்த இரண்டு சின்ன வெட்டுகளால்.

ஆனால் கெந்தோ மட்டும் போதாது. தாள் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் பொருத்தம் தவறும். காகித முசுக்கட்டை நாரில் செய்த தாளுக்கு விலங்குப் பசையும் படிகாரமும் கலந்து பூசி, ஈரத்தாள்களுக்கு நடுவே அடுக்கி வைத்து, வேலை முடியும் வரை ஒரே அளவு ஈரத்தைக் காப்பாற்ற வேண்டும். எவ்வளவு காத்தாலும் பருவம் மாறினால் தாளின் அளவு கொஞ்சம் மாறும், மரமும் மாறும். அப்போது அச்சிடுபவர் கெந்தோவைக் கொஞ்சம் சீவுவார், அல்லது சிறு மரச்சீவலை வைத்து அடைப்பார். இந்தத் திருத்தத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பிறகு வண்ணம். நீரில் கரைத்த நிறமியும் கொஞ்சம் அரிசிப் பசையும் கட்டையில் வைத்து, தூரிகையால் பரப்பி, தாளைப் போட்டு, பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகிலிருந்து தேய்ப்பார்கள். மூங்கில் நாரைக் கயிறாகப் பின்னிச் சுருளாகச் சுற்றி, அதை மூங்கில் மடலால் போர்த்திக் கட்டிய கருவி அது. வண்ணம் தாளின் மேலே படலமாக நிற்காது; அழுத்தத்தில் நாருக்குள் இறங்கிவிடும். அதனால்தான் நல்ல ஜப்பானிய அச்சில் வண்ணத்துக்கு உள்ளிருந்து ஒரு வெளிச்சம் வருவதுபோல் தோன்றுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பொகாஷி. அடர்த்தியான நீலம் மெல்ல மெல்ல வெளிறி வெறும் தாளில் கரையும் வானத்தைப் பல அச்சுகளில் பார்த்திருப்பீர்கள். கட்டையில் அந்தச் சாயலுக்கு எந்த வெட்டும் கிடையாது. கட்டை வெறும் தட்டையான பரப்புதான். அச்சிடுபவர் கட்டையை ஈரத்துணியால் நனைத்து, தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் நிறமி எடுத்து, ஒரே வீச்சில் இழுப்பார். ஈரம் அதிகமானால் வண்ணம் ஓடும், குறைந்தால் விளிம்பு கோடாகத் தெரியும். அடுத்த தாளுக்கு மறுபடியும் முதலிலிருந்து. நூறு தாள் என்றால் நூறு முறையும் அதே வானம் வர வேண்டும். இது ஓவிய வேலையா இல்லையா? இதை இயந்திர வேலை என்று ஒதுக்குபவர்கள் ஒரே ஒரு பொகாஷி இழுத்துப் பார்க்கட்டும்.

ஆறு பொழுதுகள் எப்படி வந்தன

பழைய எடோ அச்சுகளில் ஒரு படத்துக்குப் பத்து முதல் இருபது முறை வரை அச்சிடுவது வழக்கம். யோஷிடாவின் பட்டறையில் சராசரி முப்பதுக்கு மேல். 1937 இல் வந்த நிக்கோ ஆலயத்தின் யோமெய் வாசல் படத்துக்கு 96 முறை. இந்த அடுக்குகள் எல்லாம் புதுப்புது வண்ணத்துக்காக என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரே இடத்தின்மேல் மெல்லிய சாயல்களைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதற்காக. சாம்பல் நிறத்துக்கென்றே தனிக் கட்டை வைத்து, வண்ணங்களுக்கு அடியில் ஒளியையும் நிழலையும் முதலில் கட்டிக்கொள்வார். எண்ணெய் வண்ணம் பழகியவரின் புத்தி அது. கோட்டுக் கட்டையையும் கறுப்பில் மட்டும் அச்சிடாமல், அந்தந்தப் பகுதிக்கு ஏற்ற வண்ணத்தில் அச்சிடச் செய்தார். அதனால் கோடு தெரியாமல் உருவம் மட்டும் தெரிகிறது.

படகுகளில் நடந்ததும் இதுதான். காலைப் படத்தில் பாய்க்குப் பின்னாலிருந்து மஞ்சள் ஒளி பரவுகிறது, நீரில் இறங்குகிறது. பிற்பகலில் அதே பரப்பு நீலமும் பச்சையுமாகத் தெளிந்துவிட்டது. மூடுபனியில் பின்னால் இருக்கும் படகுகள் வெளிறி விலகிப் போகின்றன. அவற்றின் கட்டை மாறவில்லை, நிறமியின் அடர்த்தி மாறியிருக்கிறது. இரவில் கோடுகள் எல்லாம் நீலக் கருமைக்குள் அமிழ்ந்து, படகின் உருவத்தை நாம் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டையைச் சேர்ப்பது, ஒன்றை விடுவது, ஒன்றின் அடர்த்தியைக் குறைப்பது, வரிசையை மாற்றுவது என்று முடிவுகள் எல்லாம் மேசையில் எடுத்தவை.

பொழுதுக்குப் பொழுது ஒரே காட்சியைத் தீட்டுவது ஐரோப்பாவில் முன்பே நடந்ததுதான். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 1891 இல் வைக்கோற்போர்களை அப்படித் தீட்டினார். ஆனால் மோனேக்கு ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு புதுத் துணி, புது வரைவு. மரக்கட்டையில் உருவம் முன்பே கல்லில் எழுதியதுபோல் நிலைத்துவிட்டது, ஒளியை மட்டும் தனியாகக் கழற்றி மாட்டலாம். உருவத்தையும் ஒளியையும் இப்படி வெவ்வேறு கைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் ஒரு தொழிலில்தான் இந்த ஆறு படங்கள் சாத்தியம். ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர் என்ற பழைய வேலைப் பிரிவினை யோஷிடாவுக்குத் தடையாக இருக்கவில்லை. அவர் செய்த மிக அழகான காரியத்துக்கு அதுவே கருவி.

பின்னாளில் இந்தியப் பயணத்துக்குப் பிறகு 1930களின் தொடக்கத்தில் வந்த படங்களிலும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. தாஜ்மகாலைக் காலைப் பனியிலும் எடுத்தார், இரவிலும் எடுத்தார்.

ஓரத்தில் ஒரு முத்திரை

யோஷிடாவின் மேற்பார்வையில் வந்த அச்சுகளின் விளிம்பில் ‘ஜிஸுரி’ என்ற முத்திரை இருக்கும். ‘சொந்தமாக அச்சிட்டது’ என்று பொருள். கூடவே பென்சிலில் ஆங்கிலக் கையொப்பம். செதுக்கியவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் பெரும்பாலும் இருக்காது.

அவர் தரப்பு நியாயத்தை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு தொழிலையும் கற்றுக்கொண்டார். சில கட்டைகளைத் தானே செதுக்கினார். தனக்குக் கீழே வேலை செய்பவர்களைவிடத் தொழில் தெரிந்தவராக ஓவியர் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அச்சிடும்போது அருகில் நின்று ஒவ்வொரு வண்ணத்தையும் பார்த்து ஏற்றார், அல்லது தள்ளினார். 1939 இல் தொழில்முறை முழுவதையும் விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். அதைப் படிப்பவர்கள் பேச்சுக்குக் கலையைப் புகழும் ஓவியரின் குரலைக் கேட்க மாட்டார்கள். தாளுக்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்று கவலைப்படும் மனிதரைத்தான் பார்ப்பார்கள்.

சரி, ஆனாலும் முத்திரை முழு உண்மையைச் சொல்லவில்லை. பாரெனைப் பிடித்த கை பெரும்பாலும் வேறொருவருடையது. வாட்டனபேயின் காலத்தில் அந்தக் கைகளுக்குப் பெயர் இருந்ததா என்றால், அங்கும் எப்போதும் இல்லை. எனினும் அங்கே ஏற்பாடு வெளிப்படையாக இருந்தது. இது பலர் சேர்ந்து செய்த பொருள் என்று வாங்குபவருக்குத் தெரியும். சொந்தப் பட்டறை வந்ததும் அந்தத் தெளிவு மங்கியது. தரம் உயர்ந்தது, பெயர் சுருங்கியது. இரண்டும் ஒரே மாற்றத்தின் விளைவு என்பதுதான் இந்த எடுத்துக்காட்டில் என்னை உறுத்தும் விஷயம். யோஷிடாவின் கட்டுப்பாடு இல்லாமல் மூடுபனிப் படகு வந்திருக்காது. அந்தக் கட்டுப்பாட்டைத் தாளில் மூடுபனியாக மாற்றத் தெரிந்த அச்சுக் கைவினைஞர் இல்லாமலும் வந்திருக்காது. முத்திரையில் இடம் இருந்தது ஒருவருக்கு.

மறுதரப்பு

இதே காலத்தில் இன்னொரு குழு இந்தச் சிக்கலை வேரோடு பிடுங்கப் பார்த்தது. 1904 இல் யமமோட்டோ கனாயே ‘மீனவர்’ என்ற அச்சைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டார். அதிலிருந்து சோசாகு ஹங்கா என்ற படைப்பு அச்சு இயக்கம் வளர்ந்தது. 1918 இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் அமைந்தது. மூன்று வேலையும் ஒரே ஆள் செய்தால்தான் அது கலை, மற்றதெல்லாம் நகலெடுப்பு என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தின் பலன் கண்கூடு. உளியின் தடம் உளியின் தடமாகவே படத்தில் நின்றது. ஓவியக் கோட்டைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் கத்திக்கு இல்லாமல் போனது. மரத்தை நேராகத் தோண்டி உருவம் கண்டுபிடிக்கும் துணிச்சல் அங்கேதான் பிறந்தது. முனகாத்தா ஷிக்கோ என்ற கலைஞர் 1956 இல் வெனிஸ் பியன்னாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் அச்சுக் கலைக்கான பெரும் பரிசு வாங்கியதும் இந்த வழியில் வந்தவராகத்தான்.

ஆனால் தனி ஒருவரின் கையில் நுணுக்கமான கோட்டுக் கட்டையும், முப்பது அடுக்கு வண்ணமும், நூறு தாளில் பிசகாத பொகாஷியும் ஒன்றுசேர்வது மிகக் கடினம். ஒவ்வொன்றும் பல ஆண்டுப் பயிற்சி கேட்கும் தொழில். ஆகவே தனியாகச் செய்தவர்கள் வேறொரு அழகைத் தேடிப் போனார்கள். கூட்டாகச் செய்தவர்கள் தொட்ட அழகு அவர்களுக்கு எட்டவில்லை, அவர்கள் தொட்டது இவர்களுக்கும் எட்டவில்லை. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ‘மற்றதெல்லாம் நகலெடுப்பு’ என்ற பகுதியை மட்டும் இந்த ஆறு படகுகள் பொய்யாக்குகின்றன. ஒரே கட்டைகளிலிருந்து ஆறு வெவ்வேறு பொழுதுகள் வருமென்றால் அங்கே நகலெடுக்க மூலம் எது?

சம்பளக் கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. முப்பது முறை அச்சிடும் ஒரு படத்தை நூறு தாளில் எடுத்தால் மூவாயிரம் முறை தேய்க்க வேண்டும். அதுவும் செதுக்கும் கூலி போக. ஆகவே கூட்டுப் பட்டறைக்கு விற்பனை தேவை. விற்பனைக்கு அமெரிக்கா தேவை. 1930 இல் அங்குள்ள டொலிடோ கலை அருங்காட்சியகத்தில் பத்து ஜப்பானிய ஓவியர்களின் நவீன அச்சுகளைக் கொண்டு பெரிய கண்காட்சி நடந்தது. அதை ஏற்பாடு செய்ததில் யோஷிடாவுக்குப் பெரும் பங்கு. மலை, கடல், படகு, கோயில் என்று அவர் தொடர்ந்து இயற்கைக் காட்சிகளையே எடுத்ததற்கு அவருடைய மலையேறும் ஆசை ஒரு காரணம். கடல் தாண்டி விற்றாக வேண்டும் என்பது இன்னொன்று. தனியாகச் செய்தவர்கள் சில பிரதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம், விற்காத பொருளையும் சோதித்துப் பார்க்கலாம். கூட்டாகச் செய்பவர்களுக்கு அந்தச் சுதந்திரம் குறைவு, ஏனென்றால் மாதக் கடைசியில் பல வீடுகளுக்குச் சம்பளம் போக வேண்டும்.

1950க்குப் பிறகு

யோஷிடா 1950 இல் இறந்தார். கட்டைகள் குடும்பத்திடம் இருந்தன. அவருடைய மகன் தோஷியும் தேர்ந்த அச்சுக் கலைஞர். பட்டறை அவர் பொறுப்பில் தொடர்ந்தது, அப்பாவின் கட்டைகளிலிருந்து மறுபடியும் பிரதிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஜிஸுரி முத்திரை கிடையாது. பென்சில் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் அச்சிட்ட கையொப்பம் இருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த ஓரத்தைத்தான். முத்திரை உள்ள பிரதியின் விலை பல மடங்கு அதிகம்.

விலை வித்தியாசத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கட்டை அதே கட்டை. வண்ணத்தைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் குறை’ என்று சொன்ன கண் இப்போது பக்கத்தில் இல்லை. ஆனால் இதையே திருப்பியும் கேட்க வேண்டும். யோஷிடா உயிரோடு இருந்த காலத்திலேயே ஒரு படம் பல முறை அச்சுக்குப் போயிருக்கிறது, வெவ்வேறு கைகள் அச்சிட்டிருக்கின்றன. முத்திரை உள்ள இரண்டு பிரதிகளுக்கு நடுவிலேயே வானத்தின் அடர்த்தி வேறுபடுவது உண்டு. அந்த வேறுபாட்டுக்குச் சந்தையில் பெயர் இல்லை, ஏனென்றால் அந்தக் கைகளுக்குப் பெயர் இல்லை.

தெரிந்த இடங்களில் ஓவியர் பெயருக்குக் கீழே செதுக்கியவர், அச்சிட்டவர், பதிப்பாளர் என்று நான்கு பெயரையும் குறிப்பட்டையில் போடும் வழக்கம் சில அருங்காட்சியகங்களில் இருக்கிறது. இந்த ஆறு படங்களுக்கு அது கட்டாயம் வேண்டும் என்பேன். பெயர் தெரியவில்லையென்றால் ‘பட்டறையின் அச்சிடுபவர்’ என்றாவது ஒரு வரி இருக்கட்டும். பார்க்க வருபவர் காலைப் படகையும் மூடுபனிப் படகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, மூடுபனியை இறக்கியவர் என்று ஒருவர் இருந்தார் என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டும்.